மொய் எழுதுகிறவர் வேஷம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் வந்து நாலு மாசம் ஆகிறது. டீக்கடை, ரேஷன் கடை வரிசை, செக்கானூரணி பஸ் ஸ்டாப், சம்பந்தி வீடு, போன வாரம் ஒரு துக்க வீடு, எங்கே போனாலும் அதே கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதைவிட, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதிவைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிட்டு என் டீயைக் குடிப்பேன். படத்தின் பெயரை எழுதவில்லை. கேட்கிறவர்களுக்கு அது தெரியும், தெரியாதவர்கள் கேட்பதில்லை.

ரெண்டு தடவை பார்த்தோம், நீங்கள் கண்ணில் படவே இல்லையே. எந்த இடத்தில் வருகிறீர்கள்?

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு கல்யாண வீடு வரும். கதை நடப்பது 1994இல். பெண்ணுடைய தாய்மாமன் நேரம் கழித்து வருவார். சட்டைப் பையைத் தடவுவார். மொய் எழுதுகிற பெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்பார். அடுத்த ஷாட்டில் ஒரு நோட்டு, எழுதுகிற ஒரு வலது கை, நோட்டின் மேல் வந்து கவிழ்கிற ஒரு இடது உள்ளங்கை. அந்த ரெண்டு கையும் என்னுடையவை. மொத்தம் நாலு நொடி. என் தங்கச்சி மகன் கணக்குப் போட்டு, "மாமா, நொடிக்கு 24 பிரேம். அப்ப 96 பிரேம்ல நீங்க இருக்கீங்க" என்றான். நாலு என்பதைவிட 96 என்றால் காதுக்குக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

முகம்?

வரவில்லை. ஷாட்டின் மேல் ஓரத்தில் உச்சந்தலை கொஞ்சம் தெரியும், நரைத்தது. முகம் வராததற்குக் காரணம் டைரக்டர் இல்லை, எடிட்டர் இல்லை, நான்தான். கீழே சொல்கிறேன்.

வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? யாரையாவது பிடித்தீர்களா?

யாரையும் பிடிக்கவில்லை. எங்கள் ஊர் கருமாத்தூருக்கு உள்ளடங்கி இருக்கிறது. மந்தையும் வேப்ப மரமும் பின்னால் நாகமலையும் இருப்பதால், லொகேஷன் பார்க்கிறவர்கள் அடிக்கடி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு ஆளே வராது. இந்தத் தடவை நிஜமாகவே வந்து மந்தையில் பந்தல் போட்டார்கள்.

மொய் எழுதுகிற வேஷத்துக்குச் சென்னையிலிருந்து ஒருத்தரைக் கூட்டி வந்திருந்தார்கள். இருபது வருஷமாக ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். நல்ல முகவெட்டு. ஆனால் பேனாவைக் கையில் கொடுத்ததும் தடுமாறிவிட்டார். "தமிழ்ல எழுதியே பல வருசம் ஆச்சுங்க" என்றாராம். நோட்டு குளோசப்பில் வரப்போகிறது, கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் என்ன செய்வது? உதவி இயக்குநர் பையன் டீக்கடைக்கு வந்து, "இங்க கையெழுத்து நல்லா இருக்குற பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறான். டீ மாஸ்டர் என்னைக் காட்டிவிட்டார். பள்ளிக்கூட ஆபீசில் 31 வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய டி.சி.யில் இருப்பது என் கையெழுத்துதான். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மொய் எழுதக் கூப்பிடுவதும் என்னைத்தான். கூப்பிட்டதும் என்று சொல்ல வேண்டும். இப்போது லேப்டாப்பும் பிரிண்டருமாக வந்து உட்கார்ந்து, பேரை மைக்கில் சொல்லி, கையில் ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். நான் கையால் கடைசியாக எழுதிய மொய் நோட்டுக்கு ஏழெட்டு வருஷம் இருக்கும்.

வேஷம் எனக்குப் போனதால் அந்தச் சென்னைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பணம் வாங்கிப் போடுகிறவராக அவரை மாற்றிவிட்டார்கள். கேமராவை எப்படி மறப்பது என்று அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். "அண்ணே, லென்ஸைப் பார்க்காதீங்கன்னு சொல்வாங்க. அப்படிச் சொன்னா அதைத்தான் பார்க்கத் தோணும். நீங்க உங்க வேலையைப் பாருங்க, போதும்."

முன்னே பின்னே நடித்த பழக்கம் உண்டா?

சின்ன வயசில் ஊர்த் திருவிழாவுக்கு இளவட்டங்கள் சேர்ந்து சமூக நாடகம் போடுவோம். ஒரு மாசம் ஒத்திகை. கதாநாயகிக்கு மட்டும் வெளியூரிலிருந்து நடிகையைக் கூட்டி வருவோம், சீன் செட்டு மதுரையிலிருந்து வரும். எனக்குத் தொடர்ந்து ஆறு வருஷம் இன்ஸ்பெக்டர் வேஷம். கடைசி சீனில் வந்து, "யூ ஆர் அண்டர் அரெஸ்ட்" என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். விடிய விடிய காக்கிச் சட்டையில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் மேடை ஏறும்போது முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

நாடகம் என்பது எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை 1918இல் தொடங்கியது மதுரையில்தான். எம்.ஜி.ஆர். சின்னப் பையனாக வேஷம் கட்டியது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். ஆர்மோனியமும் மிருதங்கமுமாக ராத்திரி பத்து மணிக்குப் பபூன் வந்து தொடங்கினால் வள்ளி திருமணம் முடியக் கிழக்கு வெளுத்துவிடும். என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். நாரதர் தர்க்கம் வரும்போது நான் தூங்கிவிடுவேன். யானை வரும்போது அப்பா எழுப்பிவிடுவார். வள்ளியைப் பயமுறுத்தி முருகனிடம் ஓட வைக்க விநாயகர் யானையாக வருகிற இடம். சாக்கைப் போர்த்தி, துதிக்கை மாட்டிக்கொண்டு ஒருத்தர் ஒரு பக்கமாக வந்து மறுபக்கமாகப் போய்விடுவார். வசனம் கிடையாது. எங்கள் ஊரில் வருஷா வருஷம் அந்த யானையாக வந்தவர் சலவைத் தொழிலாளி. யானை வேஷத்துக்கு என்று அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் இருப்பார். பிள்ளையார் இல்லையா, அதனால். அவரிடம் யாரும் போய், "நாரதர் வேஷம் கிடைக்கலையா?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எவ்வளவு கொடுத்தார்கள்?

1,000 ரூபாய் என்று பேச்சு. கைக்கு வந்தது 700. ஆள் சேர்த்துவிட்ட இடைத்தரகர் 300ஐப் பிடித்துக்கொண்டார். டீ மாஸ்டர்தானே என்னைக் காட்டியது, இவர் எங்கே வந்தார் என்று கேட்டேன். லிஸ்டில் பெயர் ஏற வேண்டும் என்றால் அவர் வழியாகத்தான் ஏற வேண்டுமாம். சாயங்காலம் ஆறரை மணிக்கு, கால் கடுக்க நிற்கிறவனுக்கு அதற்கு மேல் சண்டை போடத் தெம்பு இல்லை. அந்த 700இல் 500 அதே வாரம் ஒரு காதுகுத்துக்கு மொய்யாகப் போய்விட்டது.

சாப்பாடு நன்றாக இருந்ததா?

இருந்தது. ஆனால் பந்தலில் இலை போட்டு வைத்திருந்த கல்யாணச் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்றார்கள். கன்டினியூட்டியாம், ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் அதே மாதிரி இருக்க வேண்டுமாம். காலையில் வைத்த அப்பளம் சாயங்காலம் வரைக்கும் அதே இடத்தில் இருந்தது.

ஹீரோவோடு போட்டோ எடுத்தீர்களா?

அன்றைக்கு ஹீரோ வரவில்லை. தாய்மாமனாக நடித்த பெரியவர் வந்திருந்தார், முகத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் தெரியும். போட்டோ கேட்கவில்லை. காரணம் பிறகு புரியும்.

ஆடெல்லாம் வந்ததே, அது நம்ம ஊர் ஆடா?

தாய்மாமன் சீர் ஊர்வலத்துக்கு வந்த ரெண்டு கிடாய்களைக் கேட்கிறீர்கள். வெளியூர் ஆடு. படத்தில் விலங்குகளைக் காட்ட வேண்டும் என்றால் விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நம் ஊர் ஆட்டை நினைத்த நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட முடியாது. அந்தக் கிடாய்களுக்கு முறையாகப் பேப்பர் இருந்தது. எங்கள் யாருக்கும் எந்தப் பேப்பரும் இல்லை.

காலையில் போய் ராத்திரிதான் வந்தீர்கள். நாலு நொடிக்கு ஒரு நாள் முழுக்க என்ன செய்தீர்கள்?

அஞ்சரைக்கு வரச் சொன்னார்கள். என் ஷாட் எடுத்தது சாயங்காலம் நாலு மணி தாண்டி. நடுவில் பத்து மணி நேரம். எல்லாரும் இந்தக் காத்திருப்பைத்தான் கொடுமை என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை, வேலை வந்துவிட்டது.

ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் மொய் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். திறந்து பார்த்தேன். பத்துப் பேரையே திருப்பித் திருப்பி எழுதி நிரப்பியிருந்தது. ஊர் பேர் இல்லை. எல்லாத் தொகையும் நூறு, இருநூறு என்று முட்டையில் முடிந்திருந்தது. மொய்யில் அப்படி வருமா? 11, 21, 51, 101 என்று ஒற்றை ரூபாய் சேர்ந்துதான் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு தொகைக்கு முன்னாலும் இப்போது போடுகிற ₹ குறி. "தம்பி, இந்தக் குறியே 2010லதானே வந்துச்சு? கதை 1994ல்ல?" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. பின்னட்டையைத் திருப்பினால் கடைக்காரருடைய செல்போன் நம்பர். செல்போன் இந்தியாவுக்கு வந்ததே 1995இல். தாய்மாமன் கொடுக்கப்போகிற 20 ரூபாய் நோட்டையும் பார்த்தேன். காந்தி படம் போட்ட வரிசை வந்தது 1996இல். அதை மட்டும், "நாலா மடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, தெரியாது" என்று சொல்லிவிட்டேன். இல்லாதப்பட்டவர் கொடுக்கிற நோட்டு மடிந்துதானே இருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் என்னை "சார்" என்பதை விட்டுவிட்டு "அய்யா" என்றான். எட்டுப் புது நோட்டு கொண்டுவந்து கொடுத்தான். ஏன் எட்டு? ஒவ்வொரு டேக்கிலும் நான் தாய்மாமன் பேரை எழுதுவேன். அடுத்த டேக்கில் அந்த வரி மறுபடி காலியாக இருக்க வேண்டும். ஆகவே எட்டு நோட்டிலும் முதல் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலே பிள்ளையார் சுழி, லாபம், குலசாமி துணை. முதல் வரி காலி. அதன் கீழே பதினெட்டுப் பேர். எங்கள் பக்கம் முதல் வரி தாய்மாமனுக்கு. அவர் வந்து எழுதும் வரைக்கும் அதை விட்டுவைப்போம்.

பதினெட்டுப் பேரை எங்கே போய்ப் பிடிப்பது? சும்மா யோசித்து எழுதினால் என் பேரும் ஆர்ட் டிபார்ட்மென்ட் பையனுடையது மாதிரிதான் இருந்தது. எல்லாம் ஒரே அச்சு. வீட்டுக்கு ஆள் அனுப்பி, டிரங்குப் பெட்டியிலிருந்து என் தங்கச்சி கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துவரச் சொன்னேன். 1991. அதன் முதல் பக்கத்திலிருந்து பதினெட்டுப் பேரை ஊரோடு, தகப்பனார் பேரின் முதல் எழுத்தோடு எட்டு நோட்டிலும் எழுதினேன். அவர்களில் பதிமூணு பேர் இப்போது இல்லை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பேரையும் எட்டு எட்டுத் தடவை எழுதினேன். மூணாவது நோட்டுக்கு மேல், பேரை எழுதும்போது அந்தந்த ஆள் வந்து போகிற மாதிரி இருந்தது. ஒருத்தருக்கு வெற்றிலை வாய், ஒருத்தருக்குச் செருப்புச் சத்தம். நடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மொய் எழுதுவதில் நடிக்க என்ன இருக்கிறது?

இதுதான் எல்லாரும் கேட்பது. கேட்கிற தொனியிலேயே பதிலும் இருக்கும்.

பேப்பரில் எனக்கு இருந்தது ஒரு வசனம்: "எவ்வளவுன்னு எழுத?" தாய்மாமன், "இருபத்தொண்ணு" என்பார். உதவி இயக்குநர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படி: "அய்யா, இருபத்தொண்ணுன்னு காதுல விழுந்ததும் பேனாவை நிறுத்துறீங்க. அப்படியே நிமிர்ந்து அவரைப் பாக்குறீங்க. பக்கத்துல இருக்குறவரைப் பாக்குறீங்க. லேசா ஒரு நக்கல். அம்புட்டுத்தான்."

மூணு தடவை ஒத்திகை பார்த்தேன். நிமிர்ந்தேன், பார்த்தேன், உதட்டைச் சுழித்தேன். சுற்றி நின்றவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். மனசுக்குள் ஏதோ ஒப்பவில்லை. நாலாவது தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "தம்பி, ஒண்ணு சொல்லலாமா? மொய் எழுதுறவன் நிமிர மாட்டான்" என்றேன்.

அவன் முழித்தான். மானிட்டருக்குப் பின்னால் இருந்து டைரக்டர் எழுந்து வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். "ஏங்கய்யா நிமிர மாட்டாரு?" என்றார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்கு மொய் எழுதக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பெரியப்பா. அவரிடம் சில முறைகள் உண்டு. முதலில் ஊரைக் கேட்க வேண்டும், பேரை இல்லை. ஊர் பேர் எழுதுகிற நேரத்தில் வந்தவர் மூச்சு வாங்கி, பையில் இருப்பதை எடுத்துக்கொள்வார். தொகையை ஒரு தடவைதான் கேட்க வேண்டும். மெதுவாகச் சொன்னால் கேட்காதது மாதிரி மறுபடி கேட்கக் கூடாது. நோட்டை வாங்கிப் போடுகிறவர் விரலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தொகை சின்னதாக இருந்தால் அதை உரக்கப் படிக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவர் உரக்கச் சொல்ல வாயைத் திறந்தால் பெஞ்சுக்கு அடியில் காலை மிதிக்க வேண்டும். எழுதும்போது, அடுத்து நிற்கிற ஆள் கண்ணில் படாதபடி இடது கையை நோட்டு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தொகைக்கும் தலையைத் தூக்கக் கூடாது, பெரிய தொகைக்கும்தான். பெரிய தொகைக்கு நிமிர்ந்து சிரித்துவிட்டுச் சின்னத் தொகைக்குக் குனிந்திருந்தால், குனிந்ததே காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் பெரியப்பா வாயால் சொல்லிக் கற்றதைவிட ஒரு நாள் கண்ணால் பார்த்துக் கற்றதுதான் அதிகம். என் தங்கச்சி கல்யாணத்தில் கொஞ்ச நேரம் பெரியப்பாவுக்குப் பதிலாக வேறு ஒருத்தர் மொய் எழுத உட்கார்ந்தார். எங்கள் அம்மா வழியில் ஒருத்தர், கிணறு வற்றி வெள்ளாமை போன வருஷம் அது, அஞ்சு ரூபாய் வைத்தார். எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். வந்தவர் பந்தியில் உட்காரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. அவர் நடந்தே போய்விட்டார். அம்மா அதைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இத்தனையையும் டைரக்டரிடம் சொல்லவில்லை. அஞ்சு ரூபாய்க்காரர் கதையை மட்டும் சொன்னேன். பக்கத்தில் தாய்மாமன் வேஷக்காரரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டைரக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்கய்யா, நீங்க நெசத்துல எப்படி எழுதுவீங்களோ அப்படிச் செஞ்சு காட்டுங்க" என்றார்.

செய்து காட்டினேன். "எவ்வளவுன்னு எழுத?" என்றேன், நோட்டைப் பார்த்தபடி. தாய்மாமன் வேஷக்காரர் ஒத்திகையில் சொன்ன மாதிரி இல்லாமல், தொண்டையில் பாதி நின்ற குரலில், "இருபத்தொண்ணு" என்றார். நான் எழுதினேன். இடது கை அதுவாகப் போய் அந்த வரிக்கு மறைப்பாகக் கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்த சென்னைக்காரர் மடித்த நோட்டை வாங்கிச் சத்தமில்லாமல் பெட்டியில் போட்டார். அவர் காலை நான் மிதிக்க வேண்டி வரவில்லை.

ரெண்டு விதமாகவும் எடுத்தார்கள். நிமிர்ந்து பார்ப்பது மூணு டேக், குனிந்தே இருப்பது ரெண்டு. அதற்குப் பிறகு டைரக்டர் கேமராமேனிடம் ஏதோ சொன்னார். கேமராவைக் கீழே இறக்கினார்கள். முகத்தை விட்டுவிட்டு நோட்டையும் கையையும் மட்டும் இன்சர்ட்டாக மூணு டேக். எட்டு நோட்டும் தீர்ந்தது. படத்தில் இருப்பது அந்தக் கடைசி மூணில் ஒன்று.

நிமிர்ந்து பார்த்த டேக்கை வைத்திருந்தால் என் முகம் முழுசாக வந்திருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று என் மச்சினன் இன்றைக்கும் சொல்கிறார்.

போட்டோ எடுக்காத காரணமும் இதுதான். ஷாட் முடிந்ததும் தாய்மாமன் வேஷக்காரர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. கிளிசரின் எல்லாம் இல்லை, அந்த ஷாட்டில் அவர் முகமே கிடையாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா இப்படி நின்னிருக்காருய்யா" என்றார். அந்த நேரத்தில் செல்போனை நீட்டி, கொஞ்சம் இப்படித் திரும்புங்க சார் என்று எப்படிச் சொல்வது?

அந்த வசனக் குரல் உங்களுடையது மாதிரி இல்லையே?

இல்லைதான். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் ஷூட்டிங் முடிந்த பிறகு ஸ்டுடியோவில் வைத்துத் தனியாக டப்பிங் பேசுவார்கள். ரெண்டு வார்த்தை வசனத்துக்காகக் கருமாத்தூரிலிருந்து ஒருத்தனைச் சென்னைக்கு வரவழைக்க மாட்டார்கள். யாரோ ஒரு டப்பிங் கலைஞர் பேசியிருக்கிறார். நன்றாகவே பேசியிருக்கிறார், ஆனால் "எழுத" என்பதைக் கொஞ்சம் அழுத்திவிட்டார். நான் அழுத்த மாட்டேன்.

அப்புறம் உங்களுடையது என்று என்னதான் இருக்கிறது? வருத்தமாக இல்லையா?

இருந்தது. இல்லை என்றால் பொய். உசிலம்பட்டியில் படம் போட்ட முதல் நாள் ஒரு வேனில் 23 பேர் போனோம். மதுரையில் தங்கம் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்தது, 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். நான் திரையில் வந்தால் அந்த மாதிரித் தியேட்டரில்தான் வருவேன் என்று இன்ஸ்பெக்டர் வேஷம் போட்ட காலத்தில் கற்பனை. இந்தத் தியேட்டரில் எங்களையும் சேர்த்தால் அறுபது பேர் இருப்போம்.

கல்யாண வீடு வந்ததும் எங்கள் வரிசை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. கை வந்தது. போனது. அடுத்த சீனும் வந்துவிட்டது. பேத்திதான் கேட்டாள், "தாத்தா எங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் படத்தின் பாட்டைப் பற்றியே பேசினார்கள். என் மனசு நோகக் கூடாது என்று பேசினார்கள், அதுதான் இன்னும் நொந்தது. ரெண்டு நாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

மூணாம் நாள் என் சம்சாரம் கீரை ஆய்ந்துகொண்டே, "அது ஒங்க கைதான்னு எனக்கு ஒடனே தெரிஞ்சிருச்சு" என்றாள். எப்படி என்றேன். "நடுவெரல்ல பேனாக் காப்பு பெருசாத் தெரிஞ்சுச்சே. அம்மாம் பெரிய துணியில அதப் பாத்ததும் எனக்குச் சிரிப்பாணி வந்துருச்சு. வேன்ல சொன்னா எல்லாரும் கேலி பண்ணுவாகன்னு சொல்லல." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அண்ணன் நம்ம காதுகுத்துக்கு வந்தப்பவும் நீங்க இப்படித்தான் கைய வச்சு மறைச்சீங்க" என்றாள். அந்தக் காதுகுத்து நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் மறைத்ததை அவள் பார்த்தது எனக்குத் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன்.

என் பேத்தியையும் சினிமாவில் சேர்த்துவிடுவீர்களா? ஒரு ஏஜென்ட் 25,000 கட்டச் சொல்கிறார்.

என்னால் முடியாது. 25,000ஐயும் கட்டாதீர்கள். நடிக்கிறவர்களுக்குத்தான் படக்காரர்கள் பணம் கொடுப்பார்கள். நடிக்கிறவரிடம் பணம் கேட்டால் அது வேறு தொழில். ரெஜிஸ்ட்ரேஷன், போட்டோஷூட், கார்டு என்று எந்தப் பேரில் கேட்டாலும் சரி. என்னிடமிருந்து 300ஐப் பிடித்தவரும் முதலில் கார்டு என்றுதான் தொடங்கினார்.

சின்னப் பிள்ளை என்றால் சட்டமும் இருக்கிறது. 2017இல் வந்த விதிகளின்படி, குழந்தையை நடிக்க வைக்கும் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூணு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பாத்தியத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பேரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். படிப்பு கெடக் கூடாது. இதைக் கேட்டதும் ஏஜென்ட் போனை வைத்துவிட்டார் என்றால் 25,000 மிச்சம்.

மறுபடி கூப்பிட்டால் போவீர்களா?

போவேன். இன்ஸ்பெக்டர் வேஷம் என்றால் யோசிப்பேன்.

அந்த நோட்டில் ரெண்டாவது வரியில் இருப்பது எங்கள் தாத்தா பேரா? (துபாயிலிருந்து ஒருத்தர் கேட்டது)

ஆமாம் மாப்ளே, உங்க தாத்தாதான். ஷாட்டை நிறுத்திப் பார்த்து, பேரைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தீர்கள். ஊர், முதலெழுத்து, பேர் எல்லாம் சரி. அவர் பேரை நான் எட்டுத் தடவை எழுதினேன். படத்தில் இருப்பது ஆறாவதா ஏழாவதா எட்டாவதா என்று எனக்கும் தெரியவில்லை. செருப்புச் சத்தம் என்று மேலே எழுதினேனே, அது அவருடையது. டயர் செருப்பு. அவர் வருகிறார் என்று தெரு முனையிலேயே தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கழித்து அவர் பேரைத் தியேட்டரில் பார்த்ததாக உங்க அம்மாவிடம் சொன்னீர்களாம், அவுக அழுதாக என்று கேள்விப்பட்டேன்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், தாத்தா எவ்வளவு மொய் வைத்தார் என்று. படத்தில் அந்த இடத்தில் என் முன்கை இருக்கிறது, எத்தனை தடவை நிறுத்திப் பார்த்தாலும் தெரியாது. பழைய நோட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வாங்க, எடுத்துக் கையில் தருகிறேன், நீங்களே பாருங்கள். நானாகச் சொல்ல மாட்டேன்.